பம்ப் ஆக்‌ஷனா, இரட்டைக் குழலா? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் துப்பாக்கியைப் பற்றியவை அதிகம். ஒன்றோடொன்று தொடர்பு இருப்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன். முதல் கடிதத்துக்கு மட்டும் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, ஏற்காடு தாண்டி நாகலூர் பக்கம் எங்களுக்குக் காப்பித் தோட்டம், நடுவே மிளகு. வீடும் தோட்டத்துக்குள்ளேயேதான். கத்திக் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வேறு வீடு இல்லை. போன மிளகு சீசனில் ராத்திரி ஷெட்டை உடைத்து மூட்டைகளைத் தூக்கிப் போய்விட்டார்கள். அதிலிருந்து வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை. பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். வீட்டுக் காவலுக்கும் ஆகும், ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுதுபோக்காகச் சுட்டுப் பழகவும் ஆகும். ரெமிங்டன் 870, மாஸ்பர்க் 500 இரண்டில் எது மேல்? 18 அங்குலக் குழல்தான் வீட்டுக்குச் சரி என்கிறார்களே, அது உண்மையா? அவசரத்துக்கு என் மனைவியும் எடுத்துப் பயன்படுத்த முடியுமா?
– காப்பி விவசாயி, நாகலூர்

பதில்: நீங்கள் கேட்ட இரண்டு பெயர்களை முதலில் பார்த்துவிடுவோம். இரண்டுமே நல்ல துப்பாக்கிகள். (ஷாட்கன் என்பது ஒரே தோட்டாவிலிருந்து பல ரவைகளை வீசும் துப்பாக்கி, அதில் முன்கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகைதான் பம்ப்.) ரெமிங்டன் 870 வந்தது 1950இல், இதுவரை ஒரு கோடிக்கு மேல் செய்திருக்கிறார்கள். மாஸ்பர்க் 500 அதற்குப் பத்து வருடம் பிந்தியது. 870இல் சேஃப்டி பொத்தான் விசைக்குப் பின்னால் குறுக்காக இருக்கும், மாஸ்பர்க்கில் கட்டைவிரல் படும் இடத்தில், மேலே. இடக்கைக்காரர்களுக்கு மாஸ்பர்க் வசதி. ஆனால் இந்த ஒப்பீட்டால் உங்களுக்குப் பயன் இல்லை, ஏனென்றால் இரண்டையும் நீங்கள் இங்கே புதிதாக வாங்க முடியாது. வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்யும் சலுகை பேர்பெற்ற துப்பாக்கி சுடும் வீரர்கள் மாதிரி சிலருக்குத்தான். சாதாரண லைசென்ஸை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் கிடைப்பது உள்நாட்டில் செய்தது, இல்லாவிட்டால் எந்தக் காலத்திலோ வந்து கைமாறிக் கைமாறி ஓடிக்கொண்டிருக்கும் பழசு.

உள்நாட்டிலும் பம்ப் ஆக்‌ஷன் உண்டு. நம் திருச்சி படைக்கலத் தொழிற்சாலையே 12 போர் (போர் என்பது குழல் விட்டத்தின் அளவு) பம்ப் ஆக்‌ஷன் செய்திருக்கிறது. (2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தபோது அது கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்டு எக்விப்மென்ட் இந்தியா என்ற கம்பெனிக்குக் கீழே போனது, பழைய பெயரிலேயே தேடினால் குழம்புவீர்கள்.) லைசென்ஸ் பெற்ற தனியார் தயாரிப்பாளர்களும் இருக்கிறார்கள்.

அடுத்தது அந்த 18 அங்குலம். இதைக் கவனமாகப் படியுங்கள். 18 என்பது அமெரிக்கச் சட்டம் போட்ட கோடு. அங்கே ஷாட்கன் குழல் அதற்குக் குறையக் கூடாது என்று 1934இலேயே சட்டம் வந்துவிட்டது, அதனால் அங்கே வீட்டுக்கென்று விற்பவை அந்தக் கோட்டை ஒட்டியே வருகின்றன. நம் கோடு 20 அங்குலம். 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ ஒரு குடிமகன் கேட்கும் லைசென்ஸைப் பற்றிப் பேசும்போது, குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, உள்ளே வரி இல்லாத வழவழப்பான துப்பாக்கி என்றுதான் சொல்கிறது. அதற்குக் குறைந்தால் அது வேறு வகை, உங்கள் லைசென்ஸில் வராது. யாராவது பழைய துப்பாக்கியைக் காட்டி, குழலைக் கொஞ்சம் அறுத்துக் கொடுத்துவிடுகிறேன், வீட்டுக்குள் வாகாக இருக்கும் என்றால் அந்த இடத்தை விட்டு உடனே வந்துவிடுங்கள். அனுமதி இல்லாமல் குழலைக் குறைப்பது அதே சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி குற்றம். நீங்கள் அளந்து பார்ப்பதானால் தோட்டா அறை மூடிய நிலையில், தோட்டாவின் அடி உட்காரும் இடத்திலிருந்து குழல் வாய் வரை அளக்க வேண்டும்.

சரி, லைசென்ஸ். துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் இதைத்தான் செய்ய வேண்டும், பலர் தலைகீழாகச் செய்து முன்பணத்தைக் கடையில் மாட்டிவிடுகிறார்கள். சேலம் மாநகரக் காவல் எல்லைக்குள் குடியிருப்பவர்களுக்கு ஆணையர் அலுவலகம், உங்களைப் போல மலைமேல் இருப்பவர்களுக்கு மாவட்ட ஆட்சியர் அலுவலகம். 21 வயது முடிந்திருக்க வேண்டும். விண்ணப்பத்தோடு உடல்நலம், மனநலம் பற்றிய மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்ற சான்று எல்லாம் 2016 ஆயுத விதிகள் கேட்கின்றன. அப்புறம் காவல் நிலைய விசாரணை. உங்களுக்கு ஏன் தேவை என்பதை வெறும் வாய்ப்பேச்சாகச் சொல்லாதீர்கள். மிளகு திருடு போனதற்குப் புகார் கொடுத்திருந்தால் அந்த எஃப்.ஐ.ஆர். நகல், தோட்டத்தின் பட்டா, வீடு தனியாக இருப்பதைக் காட்டும் வரைபடம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். புகாரே கொடுக்கவில்லை என்றால் அது உங்களுக்குப் பலவீனம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மேல்முறையீடு செய்ய 18ஆம் பிரிவு இடம் தருகிறது. கிடைத்துவிட்டால் லைசென்ஸ் 5 வருடம் செல்லும். 2019 திருத்தத்துக்கு முன் அது 3 வருடமாக இருந்தது. அதே திருத்தம்தான் ஒருவர் வைத்துக்கொள்ளும் துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். காவலுக்கும் ஆச்சு, பொழுதுபோக்குக்கும் ஆச்சு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டும் ஒரே துப்பாக்கியில் சேராது, அதிலும் பம்ப் ஆக்‌ஷனில் சேராது.

பொழுதுபோக்கு என்று நீங்கள் சொல்வது களிமண் தட்டைப் பறக்கவிட்டுச் சுடும் ட்ராப், ஸ்கீட் பக்கம் போவதாக இருந்தால், சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதியிலேயே பம்ப் ஆக்‌ஷனுக்கு இடம் இல்லை. 12 போருக்கு மேற்படாத வழவழப்புக் குழல் எதுவும் கொண்டு வரலாம், தானியங்கியாக அடுத்த தோட்டா ஏறுவதுகூட வரலாம், பம்ப் மட்டும் கூடாது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் சுட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள், அந்த மைதானத்தில் எல்லார் கையிலும் இருப்பது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இரட்டைக் குழல்தான். அதனால் கிளப்பில் சேர்ந்து நாளைக்கு மாவட்ட, மாநிலப் போட்டி என்று போகும் எண்ணம் துளியாவது இருந்தால் பம்ப் வாங்கி அந்தக் கதவை நீங்களே அடைத்துக்கொள்வீர்கள்.

இன்னொன்றும் மனதில் இருக்கலாம் என்று தோன்றுகிறது: ஞாயிற்றுக்கிழமை தோட்டத்திலேயே மரத்தடியில் டப்பாவை வைத்துச் சுடுவது. தயவுசெய்து வேண்டாம். சேர்வராயன் மலைச் சரிவில் எதிரே வெறும் பச்சை மட்டும் தெரியும், அந்தப் பச்சைக்குள் பழம் பறிக்கிறவர்கள் இருப்பார்கள், விறகு பொறுக்குகிறவர்கள் இருப்பார்கள், ஒற்றையடிப் பாதையில் பள்ளிப் பிள்ளைகள் நடப்பார்கள். பெரிய ரவை அரை கிலோமீட்டரைத் தாண்டியும் போகும். பக்கத்திலேயே காப்புக்காடு. ஒரு வெடிச் சத்தம் கேட்டால் வனத்துறை வந்து, எதைச் சுட்டாய் என்றுதான் கேட்கும், அப்படிக் கேட்பது அவர்கள் கடமை. பழகுவது சுடும் பயிற்சி மைதானமான ரேஞ்சில் மட்டும்.

ஆக, காவலுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டு பம்ப் ஆக்‌ஷனைப் பார்ப்போம். அதன் பலம், குழலுக்குக் கீழே உள்ள குழாயில் பல தோட்டாக்களை வரிசையாக வைத்துக்கொள்ளலாம், முன்கைப்பிடியை இழுத்துத் தள்ளினால் வெற்றுத் தோட்டா வெளியே விழுந்து அடுத்தது அறைக்குள் ஏறும். பலவீனமும் அதே இழுப்பில்தான் இருக்கிறது. பழக்கம் இல்லாத கை பதற்றத்தில் முழுசாக இழுக்காது. முக்கால்வாசி இழுத்துத் தள்ளிவிடும். வெற்றுத் தோட்டா வெளியே வராமல் மாட்டிக்கொள்ளும், அல்லது அறை காலியாக இருக்கும்போது விசை மட்டும் சொடுக்கும். இது துப்பாக்கியின் கோளாறு இல்லை, கைப்பழக்கம் போதாததால் வருவது. மாதம் ஒருமுறையாவது ரேஞ்சுக்குப் போய்ப் பழகாதவர் கையில் பம்ப் ஆக்‌ஷன் இருப்பதை நான் விரும்ப மாட்டேன். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி இறங்கி, சேலத்தைக் கடந்து, ஏதோ ஒரு ஊர் ரேஞ்ச் வரை மாதாமாதம் போய் வருவீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டேன் என்றால் சாதாரண இரட்டைக் குழல் போதும். மடக்கித் திறந்தால் உள்ளே தோட்டா இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்கு நேராகத் தெரியும், இரண்டு தோட்டாவுக்கு இடையில் கை எதையும் செய்ய வேண்டியதில்லை, பழுதாக அதில் இருப்பது கொஞ்சம்தான். நம் மலைத் தோட்டங்களில் மூன்று தலைமுறையாக இருந்தது இந்தத் துப்பாக்கிதான், அதற்குக் காரணம் இருக்கிறது.

பழகுவேன், பம்ப்தான் வேண்டும் என்றால் கடையில் பார்க்க வேண்டியவை இவை. துப்பாக்கி காலியாக இருப்பதை முதலில் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள், கடைக்காரர் சொன்னார் என்று நம்பாதீர்கள். தோளில் பதியும் பின்கட்டையின் நீளம் உங்கள் கைக்குப் பொருந்த வேண்டும்: முழங்கையை மடக்கி, கட்டையின் அடியை முழங்கை மடிப்பில் வைத்தால் ஆள்காட்டி விரல் விசையை இயல்பாகத் தொட வேண்டும். விரல் எட்டவில்லை என்றால் கட்டை நீளம், தோளில் ஒழுங்காக உட்காராது, அடி தாடையில் விழும். அதன்பின் மருந்து இல்லாத டம்மி தோட்டாக்களைக் கேளுங்கள். நல்ல கடையில் இருக்கும். குழாயை நிரப்பி, மெதுவாக ஒருமுறை, வேகமாக ஒருமுறை எல்லாவற்றையும் இழுத்துத் தள்ளி வெளியேற்றுங்கள். ஒவ்வொன்றும் துப்பாக்கியை விட்டுத் தள்ளி விழ வேண்டும், ஒன்றுகூடத் தயங்கக் கூடாது. உள்நாட்டுத் தயாரிப்பில் ஒரே மாடலில் ஒன்று வெண்ணெயாக ஓடும், அடுத்தது கரகரக்கும், அதனால் பெட்டியில் உள்ள எண்ணைப் பார்த்து எதை ஓட்டிப் பார்த்தீர்களோ அதையே வாங்குங்கள். குழலில் தோட்டா அறையின் நீளம் பொறித்திருக்கும், பெரும்பாலும் 70 மில்லிமீட்டர். 76 மில்லிமீட்டர் தோட்டாவை 70 அறையில் போடவே கூடாது. எடை மூன்று, மூன்றரைக் கிலோ இருக்கட்டும். இலேசாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு வாங்கினால் ஒவ்வொரு வெடிக்கும் தோள் வலிக்கும், வலிக்குப் பயந்தே பழகுவதை விட்டுவிடுவீர்கள். ஏராளமாக டார்ச் மாட்டும் பட்டை, கைத்துப்பாக்கி மாதிரி பிடி, தோளில் வைக்கக் கட்டையே இல்லாத மாடல் இதெல்லாம் பார்க்க மிரட்டலாக இருக்கும். கட்டை இல்லாத ஷாட்கனால் குறி வைக்கவே முடியாது.

குறி என்றதும் ஒன்று. ஷாட்கன் என்றால் அந்தப் பக்கம் திருப்பிச் சுட்டால் போதும், அறை முழுக்க ரவை பரவிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். 5 மீட்டர் தூரத்தில், அதாவது உங்கள் கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, ரவைக் கூட்டம் ஒரு உள்ளங்கை அகலத்துக்குத்தான் விரியும். குறி தப்பினால் மொத்தமும் தப்பும். தப்பியது எங்கே போகும்? எல்.ஜி., எஸ்.ஜி. மாதிரிப் பெரிய ரவைகள் பலகைக் கதவையும் தடுப்பையும் துளைத்துப் போகும். தோட்ட வீடுகளில் தகரத்தாலும் பலகையாலும் அடைத்த பக்க அறைகள் எத்தனை, அங்கே யார் தூங்குகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் மனைவியைப் பற்றிக் கேட்டீர்கள். லைசென்ஸ் உங்கள் பெயரில் என்றால் துப்பாக்கி உங்களுக்கு மட்டும்தான். நீங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மிளகு விற்கப் போயிருக்கும் நேரத்தில் அவர் அதை எடுக்க முடியாது, சட்டப்படியும் முடியாது, பயிற்சி இல்லாததால் உண்மையிலேயும் முடியாது. வேண்டுமானால் அவர் தனியாக விண்ணப்பித்து, தனியாகப் பயிற்சி எடுத்து, தன் பெயரில் லைசென்ஸ் வாங்க வேண்டும். நீங்கள் பயப்படுவது அவர் தனியாக இருக்கும் இரவுகளுக்காகத்தான் என்றால் இந்தத் துப்பாக்கி அந்தப் பயத்துக்கு விடை ஆகாது என்பதை இப்போதே சொல்லிவிடுவது என் கடமை.

சட்டத்தில் தற்காப்பு எதுவரை என்பதையும் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். 2024 ஜூலை 1 முதல், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் இதைச் சொல்கின்றன. கொள்ளை, சூரியன் மறைந்தபின் வீடு உடைத்து நுழைதல், குடியிருக்கும் இடத்துக்குத் தீ வைத்தல் போன்றவற்றில் சொத்தைக் காக்கும் உரிமை உயிரைப் பறிக்கும் அளவுக்கும் நீளலாம் என்று 41ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் 37ஆம் பிரிவு அதற்குக் கடிவாளம் போடுகிறது: தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, காவல்துறையை நாட நேரம் இருந்தால் அந்த உரிமையே இல்லை. மூட்டையைப் போட்டுவிட்டு இருட்டில் ஓடுகிறவன் முதுகில் சுட்டுவிட்டு இந்தப் பிரிவுகளைக் காட்ட முடியாது. அவனும் பெரும்பாலும் பக்கத்து ஊர்ப் பையனாகத்தான் இருப்பான்.

அதனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் வரிசை இப்படி இருக்கும். காய்ந்த மிளகை ஷெட்டில் வாரக்கணக்கில் குவித்து வைக்காமல் காய்ந்தவுடன் கீழே இறக்குவேன். ஷெட்டுக்கு இரும்புக் கதவும், ஆள் நடமாடினால் எரியும் விளக்கும் போடுவேன். இரண்டு நாட்டு நாய்கள். மனைவியின் போனில் காவல் உதவி செயலி, 112, பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலு பேர் எண். இவ்வளவும் செய்து ஒரு சீசன் பார்த்தபிறகும் தேவை என்று பட்டால், விண்ணப்பம் போட்டு, பயிற்சி எடுத்து, இரட்டைக் குழல் ஒன்று வாங்குவேன்.

கேள்வி: பம்ப் துப்பாக்கியைக் ‘கரக்-கரக்’ என்று இழுத்தாலே திருடன் ஓடிவிடுவான், சுடவே வேண்டாம் என்கிறார்களே சார்?
– கல்லூரி மாணவர், சூரமங்கலம்

பதில்: அந்தச் சத்தம் திருடனுக்கு இரண்டு செய்தி சொல்கிறது தம்பி. ஒன்று, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது. இன்னொன்று, இதுவரை உங்கள் துப்பாக்கி அறையில் தோட்டா இல்லை என்பது. ஓடலாம். ஓடாமலும் இருக்கலாம், அவன் கையிலும் ஏதாவது இருந்தால் முதலில் பயந்து அடிப்பது அவனாகவும் இருக்கலாம். விளக்கை எல்லாம் போட்டு, கதவைத் திறக்காமல் உள்ளிருந்தபடியே, போலீஸுக்குச் சொல்லியாகிவிட்டது என்று உரக்கச் சொல்லுங்கள். அதற்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம்.

கேள்வி: என் மாமனார் காலமாகி நான்கு மாதம் ஆகிறது. அவருடைய பழைய இங்கிலாந்து இரட்டைக் குழல் துப்பாக்கி ஆத்தூர் வீட்டு பீரோவில் அப்படியே இருக்கிறது. லைசென்ஸ் அவர் பெயரில். என் கணவர் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியுமா? இன்னும் சுடலாமா அதில்?
– வாசகி, அம்மாபேட்டை

பதில்: அம்மா, இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அதை ஆத்தூர் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் தாமதம் இல்லாமல் ஒப்படைக்க வேண்டும் என்கிறது ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. நான்கு மாதம் பீரோவில் இருப்பது லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பதாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். துக்கத்தில் தோன்றியிருக்காது, தெரியும், ஆனால் இன்னும் தள்ளாதீர்கள். கொண்டுபோகும் முன் நிலையத்துக்குப் போன் செய்து சொல்லிவிட்டுப் போங்கள், தோட்டாக்கள் இருந்தால் தனிப் பையில், மாமனாரின் லைசென்ஸ் புத்தகமும் இறப்புச் சான்றும் கையில்.

ஒப்படைத்தபின் நிதானமாக விண்ணப்பிக்கலாம். சட்டப்படி வாரிசுக்கு லைசென்ஸ் தர 2016 விதிகளில் தனி வழி இருக்கிறது. மற்ற வாரிசுகள் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும், அதனால் நாத்தனார், கொழுந்தனாரிடம் இப்போதே பேசிவிடுங்கள். மற்ற வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: 70 வயது ஆனவரோ, 25 வருடம் துப்பாக்கியை வைத்திருந்தவரோ உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றிக்கொடுக்க அதே விதிகள் இடம் தருகின்றன. உங்கள் வீட்டில் பெரியவர் இருந்தால் அதைச் செய்துவிடுவது எல்லாருக்கும் நல்லது.

சுடலாமா என்பதற்கு, பார்க்காமல் சுடாதீர்கள் என்பதுதான் என் பதில். பழைய ஆங்கிலத் துப்பாக்கிகளில் பலவற்றுக்குத் தோட்டா அறை 65 மில்லிமீட்டர்தான். இன்றைய 70 மில்லிமீட்டர் தோட்டா அதில் உள்ளே போய் உட்கார்ந்துவிடும், அதுதான் ஆபத்து. வெடித்து விரியும்போது அதன் வாய்க்கு இடம் இல்லாமல் அழுத்தம் ஏறும். குழலின்மேல் நீர் அலை மாதிரிக் கோடுகள் தெரிந்தால் அது இரும்புப் பட்டைகளை முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழல், கரிமருந்துக் காலத்துக்கானது, இன்றைய மருந்துக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள். குழலின் அடியில் சோதனை முத்திரைகள் இருக்கும், தெரிந்த துப்பாக்கி மெக்கானிக் அதைப் பார்த்தே சொல்லிவிடுவார். சுட முடியாவிட்டாலும், செயலிழக்கச் செய்து குடும்பச் சொத்தாக வைத்திருக்க வழி உண்டா என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: காட்டெருமை எங்கள் தோட்டத்தில் இறங்கி இளம் காப்பிச் செடிகளை மிதித்து நாசம் செய்கிறது, பன்றி வேறு. லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது. மேலே பார்த்து ஒரு வெடி வைத்தால் தப்பா?
– மஞ்சக்குட்டை வாசகர்

பதில்: நஷ்டம் புரிகிறது, செடி வைத்து மூன்று வருடம் காத்திருந்து காய்க்கும் நேரத்தில் ஒரே ராத்திரியில் போவது எவ்வளவு வலி என்று தெரியும். ஆனால் துப்பாக்கியை எடுக்காதீர்கள். காட்டெருமை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. உயிருக்கு நேரடி ஆபத்து வந்து நல்லெண்ணத்தோடு தற்காத்துக்கொண்டால் மட்டும் அந்தச் சட்டம் விலக்குத் தருகிறது, செடிக்காக இல்லை. நீங்கள் வானத்தைப் பார்த்துச் சுட்டதாகச் சொன்னாலும் நாளைக்கு எங்காவது ரவைக் காயத்தோடு ஒரு மாடு கிடந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். அதோடு அது ஆயிரம் கிலோவை நெருங்கும் உருவம். ஷாட்கன் ரவை அதைக் கொல்லாது, கோபப்படுத்தும், அந்தக் கோபம் மறுநாள் காலை பால் வாங்கப் போகிறவர் மேல் விழும்.

பன்றிக்கு, 2025 தொடக்கத்தில் தமிழக அரசு ஒரு ஆணை போட்டது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிப்பவற்றை வனத்துறையினர் சுடலாம் என்று. வனத்துறையினர், விவசாயி இல்லை. ஏற்காட்டில் உங்கள் தோட்டம் அந்தத் தூரக் கணக்குக்குள் வருமா என்பதே சந்தேகம், காடு அவ்வளவு பக்கம். வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள், போட்டோவோடு. பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு கேட்கவும் அந்தப் புகார்தான் அடிப்படை.

கேள்வி: ஏற்காட்டு மூடுபனியில் துப்பாக்கி துருப்பிடிக்கிறது. உறையில் போட்டுப் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன், அப்படியும் குழலில் செம்புள்ளி. என்ன செய்ய?
– செம்மநத்தம் வாசகர்

பதில்: உறைதான் காரணம். தோல், கேன்வாஸ் உறைகள் மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு குழலை நனைத்துக்கொண்டே இருக்கும். உறை வெளியே கொண்டுபோக மட்டும். வீட்டில் பூட்டுள்ள இரும்பு அலமாரியில், உறை இல்லாமல், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள், அவை நிறம் மாறினால் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடலாம். அலமாரி வெளிச்சுவரை ஒட்டி இருக்க வேண்டாம், அந்தச் சுவர்தான் முதலில் ஓதம் காக்கும். ஜூன் முதல் டிசம்பர் வரை வாரம் ஒருமுறை குழலை எண்ணெய்த் துணியால் உள்ளும் புறமும் துடையுங்கள். கையால் தொட்ட இடத்தில் வியர்வை உப்பு நிற்கும், தொட்டுப் பார்த்தவர்கள் போனதும் துடைத்துவிடுங்கள். செம்புள்ளியை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், எண்ணெயில் நனைத்த மெல்லிய இரும்புக் கம்பளியால் இலேசாகத் தேய்த்தால் போகும். தோட்டாக்களைத் தனியாக, வேறு பூட்டில், காய்ந்த டப்பாவில். அடிப்பக்கப் பித்தளை பச்சை பிடித்திருந்தாலோ, காகித உறை உப்பியிருந்தாலோ அதைச் சுடாதீர்கள். இன்னொன்று, தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள், அங்கே மாதக்கணக்கில் இருக்கும். கொடுக்கும் முன் நன்றாக எண்ணெய் பூசி, ரசீதில் துப்பாக்கியின் எண்ணைச் சரிபார்த்துக் கொடுங்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பதினாறு வயது. துப்பாக்கி சுடுதலில் ரொம்ப ஆசை. ஷாட்கன்தான் வேண்டும் என்கிறாள். எங்கிருந்து தொடங்குவது?
– தாய், அழகாபுரம்

பதில்: ஏர் ரைஃபிளிலிருந்து. .177 அங்குலக் குழல் அளவு, 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் உள்ளதற்கு ஆயுத லைசென்ஸே தேவையில்லை. 10 மீட்டர் தூரம், சிறிய ஈயக் குண்டு, தோளில் உதை கிடையாது. மூச்சை அடக்குவது, விசையை மெதுவாக அழுத்துவது, சுட்டபின்னும் அசையாமல் நிற்பது எல்லாம் இதில்தான் கைக்கு வரும். முதலிலேயே 12 போரைத் தோளில் வைத்தால் உதைக்குப் பயந்து கண்ணை மூடிச் சுடும் பழக்கம் வந்துவிடும், அதைப் பின்னால் மாற்றுவது பெரும்பாடு. துப்பாக்கியை உடனே வாங்காதீர்கள், கிளப் துப்பாக்கியிலேயே சில மாதம் சுடட்டும். பள்ளியில் என்.சி.சி. இருந்தால் அதிலும் சேர்த்துவிடுங்கள். ரைஃபிள் கிளப்பில் சேர்த்து உறுப்பினர் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பிற்பாடு அவள் விளையாட்டு வீராங்கனை என்ற முறையில் லைசென்ஸ் கேட்கும்போது இரண்டு வருடம் கிளப்பில் தொடர்ந்து சுட்டதற்கான அத்தாட்சியைக் கேட்பார்கள்.